ஒரு நேரசைகூட இல்லை

அலகிடுவது, அதாவது செய்யுளை அசை அசையாகப் பிரிப்பது, தேர்வில் மதிப்பெண் வாங்குவதற்கான கணக்கு என்றுதான் எனக்குப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். நேற்று இரவு, சோழர் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியின் போர்ப் பகுதியை வாய்விட்டுப் படித்தேன். இத்தனை ஆண்டுகள் எதைத் தவறவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது.

“எடும்எடும் எடும்என எடுத்ததோர் இகல்ஒலி கடல்ஒலி இகக்கவே
விடுவிடு விடுபரி கரிக்குழாம் விடும்விடும் எனும்ஒலி மிகைக்கவே”

ஆயுதம் எடுங்கள், குதிரைகளையும் யானைகளையும் ஏவுங்கள் என்ற கூச்சல் கடலொலியை விஞ்சியது. பொருள் இவ்வளவே. பென்சிலை எடுத்து, சொற்களைப் புணர்த்து அலகிட்டேன். தனிக் குறிலோ நெடிலோ நேரசை; குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்தால் நிரையசை. எடுமெடு: நிரைநிரை, இந்தச் சீருக்குப் பெயர் கருவிளம். மெடுமென: கருவிளம். வெடுத்ததோர்: அதுவும் கருவிளம். கடைசிச் சீர் வரை இப்படியே. பன்னிரண்டு சீர், 24 நிரையசை. ஒரு நேரசைகூட இல்லை! முதல் அடியில் நெடில் இரண்டே இரண்டு, ‘தோ’வும் ‘வே’யும். மூச்சு வாங்க அங்கேதான் இடம். டகர உயிர்மெய் அந்த ஒரே அடியில் ஐந்து முறை நாக்கை அண்ணத்தில் அடிக்கிறது. எடும், விடு என்று எதுகையிலும் அதே ‘டு’தான்.

இதற்கு அடுக்குத்தொடர் என்று பெயர் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டோமே என்று மனம் ஆறவில்லை. சந்தம் வெறும் ஓசை அலங்காரம் என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. தோற்றவர்கள் ஓடும் இடத்தில் செயங்கொண்டார் என்ன செய்கிறார், பாருங்கள்:

“ஒருவர் ஒருவரின் ஓட முந்தினர்
உடலின் நிழலினை ஓட அஞ்சினர்”

இங்கே நேரசை வந்துவிட்டது. புளிமா (நிரைநேர்), கருவிளம், தேமா (நேர்நேர்), கூவிளம் (நேர்நிரை). நிரையில் பாய்ந்து தொடங்கும் வரி ‘ஓட’ என்ற தேமாவில் கால் இடறுகிறது. அடுத்த வரியும் அதே இடத்தில், அதே சொல்லில் இடறுகிறது. தன் நிழலே துரத்துவதாக அஞ்சி ஓடுபவனின் காலடி அது. படைக்குக் கட்டளையாக வந்த அடுக்கு இங்கே நடுங்கும் வாய்க்குப் போய்விடுகிறது. “அபயம் அபயம்” என்று அலறுகிறார்கள்.

வென்றவன் சோழ மன்னன் முதற் குலோத்துங்கன். படை நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான். பாடியவர் சோழனின் புலவர். ஆனாலும் கலிங்க வீரனின் திகிலுக்கும் அவர் முழுச் சந்தம் தந்திருக்கிறார். அதனாலேயே அவரை மதிக்கிறேன்.

இன்னொன்று. குலோத்துங்கனை இந்நூல் அழைக்கும் பெயர்களில் ஒன்று அபயன். உயிர்ப்பிச்சை கேட்பவன் இரண்டு முறை கூவும் சொல்லுக்குள் அவனைத் துரத்தும் அரசனின் பெயரே இருக்கிறது.