முட்டையில் சிப் செய்கிறவன் எழுதுகிறேன்

நேற்றைய லைவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு: புரோட்டீனை வைத்து எலக்ட்ரானிக்ஸ் செய்கிற எங்கள் ஆராய்ச்சியைத்தான் அதில் கிண்டல் செய்தார்கள். "புரோட்டீன்ல எலக்ட்ரானிக்ஸாம், கரண்ட் போனா ஆம்லெட் போட்டுக்கலாம்" என்றார் லைவில் பேசிய சார். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அதில் இரண்டு பேர் என்னோடு படித்தவர்கள். சரி, நானும் முதலில் சிரித்துவிட்டேன்.

சிலிக்கானைத் தூக்கிப் போட்டுவிட்டு புரோட்டீனை வைப்போம் என்று யார் சொன்னது? வெறும் சிலிக்கானுக்கு ரத்தத்தில் எது குளுக்கோஸ் என்று தெரியாது, புரோட்டீனுக்குத் தெரியும். உங்கள் வீட்டு குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பில் காய்ந்து ஒட்டியிருக்கிற என்சைம் ஒரு புரோட்டீன்தான். அது குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக் கைமாற்றி விடுகிறது, மீட்டர் அந்தக் கரண்டை அளந்து 180 என்கிறது. கிளார்க், லயன்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1962ல் ஆரம்பித்து வைத்த யோசனை.

"அது இயற்கை கொடுத்தது, நீங்கள் என்னத்தை வடிவமைத்தீர்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். ஒருவகை ஸ்ட்ரிப்பில் இருந்த என்சைம் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையையும் குளுக்கோஸ் என்று நம்பிவிடும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிற சிலருக்கு உள்ளே விடும் திரவம் உடம்பில் மால்டோஸாக உடையும், மீட்டர் சர்க்கரை எகிறிவிட்டது என்று காட்டும், இன்சுலின் போடுவார்கள், நிஜத்தில் சர்க்கரை அடிமட்டத்தில் கிடக்கும். 13 பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2009ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. அந்த என்சைமில், புரோட்டீனைக் கட்டுகிற துண்டுகளான அமினோ அமிலங்களில் சிலவற்றை மாற்றி அதன் ஏமாளித்தனத்தைக் குறைத்தார்கள். இதுதான் சார் நாங்கள் போடுகிற ஆம்லெட்.

புரோட்டீன் கெட்டுப்போகுமே என்கிறீர்கள். கெடும். எங்கள் அப்பா ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு, இட்லி ஆவியில் மொத்தமும் பாழ். ஐந்து வருடமாக என் வேலையை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. அன்றைக்கு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இது கெடாம இருக்கத்தான் நீ ராத்திரியெல்லாம் மாரடிக்கிறியா?" என்றார். அதைவிட நல்ல அறிமுகம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

கெடுவதே சில சமயம் உபயோகம்தான். டைஃபினைல்அலனின் என்று இரண்டே அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு, அதாவது குட்டிப் புரோட்டீன் துண்டு, கரைத்துத் தண்ணீர் விட்டால் தானாகவே நானோ குழாயாகும். 2003ல் டெல் அவிவில் ரெசெஸ், கஸிட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதற்குள் வெள்ளியை வளர்த்து, குழாயை என்சைமுக்குத் தின்னக் கொடுத்து, சுமார் 20 நானோமீட்டர் தடிமன் வெள்ளிக் கம்பியை எடுத்தார்கள். எனக்கு முதல் மூன்று தடவையும் வந்தது கட்டி கட்டியாகத் தயிர். நாலாவது தடவை மைக்ரோஸ்கோப்பில் குழாய் தெரிந்தபோது ராத்திரி இரண்டு மணி, கூப்பிட்டுக் காட்ட லேபில் ஆளில்லை.

பணம் வீண் என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. என் உதவித்தொகை எத்தனை மாதம் பாக்கி என்று கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.

சிரித்த இரண்டு பேரில் ஒருவன் போன தீபாவளிக்கு, அம்மாவுக்கு எந்த மீட்டர் வாங்கலாம் என்று என்னிடம்தான் கேட்டான். அரை மணி நேரம் பேசினேன். இந்தத் தீபாவளிக்குக் கேட்டாலும் சொல்வேன். போனை மட்டும் கொஞ்சம் லேட்டாக எடுப்பேன்.