அண்டாவோடு போனவன் நானில்லை

நாங்கள் எடுக்கும் கல்யாண வீடியோக்களைக் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், வைத்திருக்கும் வரம்பில்லாத் திட்டத்தை நிறுத்துகிறோம் என்று கம்பெனி அனுப்பிய மெயிலைப் பற்றிப் போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். நிறையப் பேர் ஆறுதலாகப் பேசினீர்கள், நன்றி. ஆனால் சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் ஒரு தம்பி போட்ட பதில் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. "அன்லிமிடெட் மீல்ஸ்னு போர்டு போட்டிருந்தா அண்டாவத் தூக்கிட்டுப் போவீங்களா அண்ணே? உங்களை மாதிரி ஆளுங்களாலதான் அந்தப் பிளானையே மூடுறாங்க." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் இரண்டு பேருக்கு நான்தான் கல்யாண வீடியோ எடுத்துக் கொடுத்தேன்.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். கேட்பது ஒரே கேள்விதான். எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று விளம்பரம் செய்து, காசு வாங்கி, ஆண்டுக்கணக்கில் வைக்கவும் விட்டுவிட்டு, கடைசியில் "சிலருடைய தவறான பயன்பாட்டால் திட்டத்தை நிறுத்துகிறோம்" என்று எழுதினால், அந்தச் சிலர் யார்? நானா?

திட்டத்தை நிறுத்தட்டும். வியாபாரம் அவர்களுடையது, கட்டுப்படியாகவில்லை என்றால் விலையை ஏற்றட்டும், மூடட்டும். என் கோபம் அதில் இல்லை. மூடுகிற பழியை வாடிக்கையாளர் தலையில் வைப்பதில்தான் கோபம்.

நான் அதில் என்ன வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணங்கள். 4கே தரத்தில், விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வரும். பெண் அழைப்பு, ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம் என்று இரண்டு கேமராவிலும் சேர்த்து எட்டு ஒன்பது மணி நேரம் ஓடும். ஒரு கல்யாணத்துக்கே நானூறு ஜிபி. ஆண்டுக்கு இருபது கல்யாணம் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இப்போது முப்பது டெராபைட்டைத் தாண்டி நிற்கிறது (ஒரு டெராபைட் என்பது ஆயிரம் ஜிபி). ஒரு ஃபைல் கூட திருட்டுப் படம் இல்லை. ஒரு ஜிபி கூட யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. எல்லாம் எங்கள் உழைப்பு, எங்கள் ஊர்க்காரர்களின் வீட்டு விசேஷம்.

"ஹார்ட் டிஸ்க் வாங்கி வைக்க வேண்டியதுதானே" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வைத்திருந்தோம் ஐயா. எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில்தான் வைத்திருந்தோம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டையில் அந்த ராத்திரி இருந்தவர்களுக்கு நான் எதையும் சொல்ல வேண்டாம். தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. கரண்ட் வர வாரக்கணக்கானது. எங்கள் ஸ்டூடியோவின் மேல்தளத்துக் கூரை பறந்து, பீரோவுக்குள் வைத்திருந்த டிஸ்குகள் வரை தண்ணீர் இறங்கிவிட்டது. நாங்கள் ஜெனரேட்டருக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் ஒவ்வொரு குடும்பமாக வர ஆரம்பித்தார்கள். கையில் ஆல்பம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் முகம் உரிந்து வரும் ஆல்பம். "தம்பி, உங்ககிட்ட ஒரிஜினல் இருக்கும்ல, திரும்பப் போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார்கள். வீடு போனவர்கள், மரம் போனவர்கள், மாடு போனவர்கள். அத்தனைக்கும் நடுவில் அதைக் கேட்டு வந்தார்கள். சிலருக்கு எடுத்துக் கொடுக்க முடிந்தது. பலருக்கு முடியவில்லை. ஒரு அம்மா கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார், எழுந்து போகவே இல்லை. டிஸ்க் இயங்கவில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நானும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் ஒரு பிரதியாவது இந்த ஊருக்கு வெளியே, இந்தக் கடலோரத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். கிளவுடில் வைத்தது வசதிக்காக இல்லை. டிஸ்கும் வாங்கினோம், இன்றும் வாங்குகிறோம். ஆனால் டிஸ்க் இருக்கும் அதே ஊரில்தான் அடுத்த புயலும் அடிக்கும்.

அந்த நேரத்தில் கண்ணில் பட்டது இந்தத் திட்டம். இடத்துக்கு வரம்பு கிடையாது என்று முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள். எங்களை மாதிரி வீடியோ எடுப்பவர்களுக்கும் டிசைன் செய்பவர்களுக்கும் ஏற்றது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். டாலரில் கட்டணம், மேலே வரி, மேலே வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம். ஒரு தவணை கூட தவறாமல் கட்டினோம். இரவு கடையை மூடும்போது அப்லோடு போட்டுவிட்டுப் போவோம், காலையில் வந்து பார்த்தால் பாதிதான் ஏறியிருக்கும். அப்படி ஏற்றி ஏற்றிச் சேர்த்தது அது.

ஆக, இலவசத்துக்குப் புலம்புகிறேன் என்று சொல்பவர்கள் தயவுசெய்து மறுபடி படியுங்கள். இலவசமாக வாங்கியவன் இல்லை நான்.

இது ஒரு கம்பெனியோடு முடிகிற கதையும் இல்லை. 2014 அக்டோபரில் மைக்ரோசாப்ட், ஆபிஸ் 365 சந்தாதாரர்களுக்கு ஒன்டிரைவ் என்ற தன் இணையச் சேமிப்பில் வரம்பில்லா இடம் என்று அறிவித்தது. 2015 நவம்பரில் திரும்ப எடுத்துக்கொண்டது. அப்போது சொன்ன காரணம், ஒரு சிலர் 75 டெராபைட்டுக்கு மேல் வைத்துவிட்டார்கள், அது சராசரியைப் போல 14,000 மடங்கு என்பது. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 75 டெராபைட்டை 14,000-ஆல் வகுத்தால் சுமார் 5 ஜிபி. அதாவது சராசரி ஆள் வைத்திருந்தது வெறும் 5 ஜிபி! எல்லோரிடமும் வரம்பில்லாத இடம் என்று சொல்லிச் சந்தா சேர்த்து, பெரும்பாலானோர் 5 ஜிபிக்கு மேல் தொடாமல் இருந்தார்கள். அந்த லாபத்தைப் பற்றி யாரும் மெயில் அனுப்பவில்லை. உண்மையாகவே பயன்படுத்தியவன் வந்து நின்றதும்தான் சராசரி நினைவுக்கு வந்தது. சந்தாதாரர்களுக்கு 1 டெராபைட் என்று வரம்பு வைத்தார்கள். அதோடு விடவில்லை, ஒரு தப்பும் செய்யாத இலவசக் கணக்குகளையும் 15 ஜிபியிலிருந்து 5 ஜிபியாகக் குறைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, கேட்டுப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 15-ஐ விட்டுக்கொடுத்தார்கள். 75 டெராபைட் வைத்தவனுக்கும் இலவசக் கணக்குக்காரனுக்கும் என்ன சம்பந்தம்?

அமேசான் 2015-ல் ஆண்டுக்கு 59.99 டாலருக்கு வரம்பில்லா இடம் கொடுத்தது. 2017-ல் அதே 59.99 டாலருக்கு 1 டெராபைட் என்றது. கூகுள் போட்டோஸில் 2015 முதல் அளவில்லாமல் படம் ஏற்றினோம். 2021 ஜூன் 1-லிருந்து எல்லாம் 15 ஜிபி கணக்குக்குள் வந்துவிட்டது. அந்த அறிவிப்பு வந்தபோது அவர்களிடம் 4 லட்சம் கோடிக்கு மேல் படங்கள் இருந்தன, வாரத்துக்கு 2,800 கோடி படமும் வீடியோவும் புதிதாக ஏறிக்கொண்டிருந்தன. அவர்களே சொன்ன எண்ணிக்கை இது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தத் தேதிக்கு முன்னால் ஏற்றியதைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அந்த நாகரிகமாவது இருந்தது.

டிராப்பாக்ஸ் என்ற இணையச் சேமிப்புக் கம்பெனி 2023 ஆகஸ்டில் தன் வரம்பில்லாத் திட்டத்தை நிறுத்தியபோது, கிரிப்டோ என்ற மின்னணுக் காசைத் தோண்டுபவர்கள், இடத்தை மறுவிற்பனை செய்பவர்கள், சம்பந்தமில்லாதவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கணக்கைப் பங்கு போடுபவர்கள் என்று காரணம் சொன்னார்கள். இதைத்தான் தம்பி எனக்கு எடுத்துக் காட்டுகிறார். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. சியா என்று ஒரு காயின், இடத்தை அடைத்து வைப்பதே அதில் வேலை. ஒவ்வொரு ஃபைலும் நூறு ஜிபி அளவுக்கு வரும். அவனைத் தூக்குங்கள், யார் வேண்டாம் என்றது? அதே டிராப்பாக்ஸ் என்ன செய்தது என்பதையும் தம்பி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரு லைசென்சுக்கு 35 டெராபைட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு, வைத்திருப்பதை ஐந்து ஆண்டு அப்படியே வைத்துக்கொள்ளலாம், மேலே 5 டெராபைட்டும் உண்டு என்றார்கள். முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. அண்டாவோடு வந்தவனையும் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவனையும் பிரித்துப் பார்க்க முடியும். என்னை அப்படிப் பார்க்க எங்கள் கம்பெனிக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மாதம். இதைப் பற்றி யாருமே பேசவில்லை, எல்லோரும் அண்டாவிலேயே நின்றுவிட்டீர்கள். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) இணைப்பு முழு வேகத்தில், ஒரு நொடி கூட அறுந்துபோகாமல் ஓடினாலும் ஒரு டெராபைட் இறங்க 22 மணி நேரம் ஆகும். எங்கள் ஊரில் முழு வேகம் என்பது ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும். அதை விடுங்கள். பல வீட்டு ஃபைபர் இணைப்புகளில் மாதம் 3.3 டெராபைட்டைத் தாண்டினால் வேகத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவார்கள், அதுவும் அன்லிமிடெட் என்றுதான் விற்கப்படுகிறது. அந்தக் கணக்கில் முப்பது டெராபைட்டை இறக்க ஒன்பது மாதம் வேண்டும். அவர்கள் கொடுத்தது இரண்டு. மீறினால் கணக்கில் இருப்பதைப் படிக்க மட்டும்தான் முடியும், புதிதாக எதையும் ஏற்ற முடியாது, பிறகு அழித்துவிடுவோம் என்று மெயிலில் மூன்றாவது பத்தியில் இருக்கிறது.

டிஸ்கில் போட்டு கூரியரில் அனுப்புங்கள், பணம் கட்டுகிறேன் என்று எழுதினேன். பேக்பிளேஸ் மாதிரி இணையச் சேமிப்புக் கம்பெனிகள் இதை ஆண்டுக்கணக்காகச் செய்து வருகின்றன. எனக்கு வந்த பதிலில் என் பெயர் கூட இல்லை. "மதிப்புமிக்க வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்து, கூடுதல் இடம் வாங்க ஒரு லிங்க்கோடு முடிந்திருந்தது.

"விதிமுறையில எப்ப வேணாலும் மாத்துவோம்னு இருக்கே, டிக் போட்டது நீங்கதானே?" இதுவும் வந்தது. இருக்கிறது. ஒருவன் மட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், இன்னொருவன் ஏற்றுக்கொள்ள மட்டும்தான் முடியும் என்றால் அதற்குப் பெயர் ஒப்பந்தமா? நம் நாட்டின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே, நியாயமான காரணமில்லாமல் ஒருதலையாக முறித்துக்கொள்ளும் உரிமையை நியாயமற்ற ஒப்பந்தங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனி மேல் வழக்குப் போட எனக்குத் தெம்பு இல்லை, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. அதற்காக நடந்தது நியாயம் ஆகிவிடாது.

எனக்குப் புரியாதது, நம் பிள்ளைகள் ஏன் இப்படிக் கம்பெனி பக்கம் போய் நிற்கிறார்கள் என்பதுதான். சம்பளம் வாங்குவது கூட அந்தக் கம்பெனியில் இல்லை. மளிகைக் கடைக்காரர் ஐந்து ரூபாய் கூட வாங்கினால் சண்டை போடுகிறவர்கள், கோடிக்கணக்கில் புரளும் ஒரு கம்பெனி வாக்கு மாறினால் "அவங்களுக்கும் செலவு இருக்குல்ல" என்கிறார்கள். செலவு எனக்கும் இருக்கிறது தம்பி. முன்பணம் வாங்கிவிட்டு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் "கட்டுப்படியாகவில்லை, ரிசப்ஷன் மட்டும்தான் எடுப்பேன்" என்று உன் வீட்டுக் கல்யாணத்தில் நான் சொன்னால் விடுவாயா? சொல்லவும் மாட்டேன். டீசல் விலை ஏறினாலும், கேமராமேன் சம்பளம் ஏறினாலும், பேசினது பேசினதுதான். பட்டுக்கோட்டையில் அப்படித்தான் தொழில் செய்கிறோம். அப்படிச் செய்கிறவனைப் பார்த்துத்தான் சிரிப்புக் குறி போட்டீர்கள்.

திருடன் என்று யாரும் நேரடியாகச் சொல்லவில்லைதான். ஆனால் அந்த மெயிலைப் படிக்கும்போது எனக்கு அப்படித்தான் இருந்தது. கூடவே தெரிந்தவர்களும் சிரித்தபோது இன்னும் அதிகமாக இருந்தது.

சரி, வேலையைப் பார்க்க வேண்டும். 2019-லிருந்து எங்களிடம் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எடுத்தவர்கள் கவனிக்கவும். உங்கள் ஒரிஜினல் ஃபைல்கள் வேண்டும் என்றால் ஒரு டெராபைட் டிஸ்க் ஒன்றைக் கடையில் கொடுத்து, தேதியையும் மண்டபப் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். கேட்டவர்களுடையதை முதலில் இறக்குகிறோம். இதற்குக் கட்டணம் கிடையாது. சிரிப்புக் குறி போட்ட இருவரும் கொண்டு வாருங்கள், உங்களுடையதும் அங்கேதான் இருக்கிறது.