அந்தப் படத்தில் இருப்பது எக்கோ கிளி அல்ல

மொரிஷியஸில் காத்தர் போர்ன் ஊரில் எடுத்த படத்தைப் போட்டு, "கழுத்தில் வளையம் இருக்கிறது, அதனால் மொரிஷியஸின் எக்கோ கிளிதான், இப்போது ஊருக்குள்ளேயே சாதாரணமாக வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி, அது தவறு. வளையம் எக்கோ, செந்தார்ப் பைங்கிளி இரண்டு இனத்திலும் ஆணுக்கு உண்டு. ஜோடியில் வளையம் இல்லாத பெண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள், மேல் அலகு நல்ல சிவப்பு. வளர்ந்த எக்கோ பெண்ணுக்கு அலகு கறுப்பாகத்தான் இருக்கும். வாலும் மெலிந்து நீண்டிருக்கிறது, எக்கோவுக்குக் கட்டையான உடம்பு, குட்டை வால், நிறமும் அடர்பச்சை. இது வெளியிலிருந்து வந்து பெருகிய செந்தார்ப் பைங்கிளி, நம் தமிழ்நாட்டில் பார்க்கிற அதே கிளிதான்.

எக்கோவைப் பார்க்க அங்குள்ள பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் காட்டுப் பாதைக்குப் போங்கள். 1980களில் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்த பறவை அது, எவ்வளவோ பாடுபட்டுத்தான் மீட்டிருக்கிறார்கள். தயவுசெய்து படத்தின் தலைப்பை மாற்றிவிடுங்கள்.