பிரவுசரில் இன்னொரு ஸ்வைப் சேர்ப்பதற்கு முன்

பெங்களூரில் மொபைல் பிரவுசர், வெப் ஆப் வேலையில் இருக்கும் நம்மவர்கள் என் நட்புப் பட்டியலில் நிறையப் பேர். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மொபைல் பிரவுசரில் புதிதாக ஒரு ஸ்வைப் (விரலால் திரையை இழுத்துச் செய்யும் சைகை) வைக்க வேண்டுமென்றால், அதைப் பிரவுசர் தன் சொந்த முகவரிப் பட்டையின் மேல் வைக்கட்டும். வெப் பக்கத்தின் மேல் வைக்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

ஏன் என்று புரிய, திரையில் எந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். மேலிருந்து இழுத்தால் நோட்டிஃபிகேஷன், கீழிருந்து தள்ளினால் ஹோம். இரண்டும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எடுத்துக்கொண்டவை. இடது ஓரத்திலிருந்து இழுத்துப் பின்னால் போவது 2013இல் ஐஓஎஸ் 7உடன் சஃபாரிக்கு வந்துவிட்டது. 2019இல் ஆண்ட்ராய்ட் 10 இரண்டு ஓரங்களையுமே பேக்குக்கு எடுத்துக்கொண்டது. ‘இந்த இடத்தில் மட்டும் பேக் வேண்டாம்’ என்று ஆப் கேட்கலாம். ஆனால் ஒரு ஓரத்துக்கு மொத்தம் 200 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) உயரம்தான் கிடைக்கும். மிச்சம் இருப்பது நடுப்பகுதி. அங்கே மேப் இருக்கும், பக்கவாட்டில் நகரும் போட்டோ வரிசை இருக்கும், அகலமான அட்டவணை இருக்கும். அதெல்லாம் பக்கத்தை எழுதியவருக்குச் சொந்தம். நடுவில் ஸ்வைப் செய்தால் டேப் மாறும் என்று பிரவுசர் வைத்தால், மேப்பை நகர்த்தப் போனவர் வேறு டேப்பில் போய் நிற்பார்.

ஆக, பிரவுசருக்கென்று இருப்பது முகவரிப் பட்டை மட்டும்தான். ஆண்ட்ராய்ட் குரோமில் அந்தப் பட்டையின் மேல் விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் அடுத்த டேப் வரும். 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது சஃபாரி பட்டையையே கீழே இறக்கி, அதே வசதியைக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கொடுத்தது. அப்போது எழுந்த எதிர்ப்பு ஞாபகம் இருக்கலாம். இருந்தாலும் இடத்தைப் பொறுத்தவரை அது சரியான முடிவு என்பேன். கீழே வைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐபோனில் ஹோம் கோடு இருக்கும் திரை அடியில் 34 பாயின்ட் (ஐபோனின் அளவு அலகு) இடம் சிஸ்டத்துக்குச் சொந்தம். ஆண்ட்ராய்டிலும் அந்தக் கோட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் ஆப் மாறிவிடும். பட்டையை அதற்கு மேலே தூக்கி வைக்காவிட்டால் டேப் மாற்றப் போய் ஆப்பே மாறிவிடும்.

அடுத்தது கை. அவுட்டர் ரிங் ரோட்டில் 500டி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவரைப் பாருங்கள். ஒரு கை மேலே கம்பியில், மறு கையில் போன், வேலை செய்வது கட்டைவிரல் ஒன்றுதான். கட்டைவிரல் நேர்க்கோட்டில் போகாது. அடிமூட்டை மையமாக வைத்து வில்லாக வளையும். வலது கையால் மேல்நோக்கி ஸ்க்ரோல் செய்தால் நேராகத் தொடங்கி, முடியும்போது சாய்ந்துவிடும். உங்கள் கோட் ஒவ்வொரு அசைவிலும் ‘இது செங்குத்தா, கிடையா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால், அந்தச் சாய்வு வந்ததும் பக்கம் பக்கவாட்டில் நழுவும். முடிவை ஒரே ஒரு முறை எடுத்து, விரல் எழும் வரை பூட்டி வையுங்கள். ஆண்ட்ராய்டில் தொடுதல் அசைவாக மாறும் எல்லை 8 டிபி, அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர். அதைத் தாண்டும் நொடியில் கிடை நகர்வு செங்குத்து நகர்வைப் போல இரண்டு மடங்காவது இருந்தால் மட்டும் ஸ்வைப் என்று எடுங்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரோல். சந்தேகம் வந்தால் ஸ்க்ரோலுக்கே விடுங்கள். பிரவுசரில் மக்கள் அதிகம் செய்வது அதைத்தான். தப்பாகப் போனாலும் அதில் நஷ்டமில்லை.

அந்த 8 டிபியைக் குறைத்தால் ‘சட்டென்று வேலை செய்கிறது’ என்று டெமோவில் கைதட்டல் கிடைக்கும். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் தட்டல் எல்லாம் இழுவையாகிவிடும், லிங்க் திறக்காது.

விரலை எடுத்த பிறகு நிறைவேற்றுவதா, திரும்பிப் போவதா என்பது இன்னொரு கேள்வி. தூரத்தை மட்டும் பார்த்தால் வேகமாகச் சுண்டுகிறவர் ஏமாறுவார். வேகத்தை மட்டும் பார்த்தால் மெதுவாக இழுக்கும் பெரியவர் ஏமாறுவார். இரண்டில் ஒன்று போதும் என்று வையுங்கள்: திரை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது போதுமான வேகம். வேகத்தைக் கடைசி 100 மில்லிவினாடியில் மட்டும் அளக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து சராசரி எடுத்தால், பாதி தூரம் போய் யோசித்து நின்ற விரலும் ‘வேகம்’ என்று கணக்காகிவிடும். கடைசி நேரத்தில் விரல் வந்த வழியே திரும்பினால், எவ்வளவு தூரம் போயிருந்தாலும் ரத்து. அந்தத் திரும்பலை மதிக்காத ஜெஸ்சரை (விரல் சைகையை) நான் முடிந்த வேலையாகவே எண்ண மாட்டேன்.

வெப் பக்கம் எழுதுகிறவர்கள் பக்கமும் வேலை இருக்கிறது. ஒரு போட்டோ வரிசைக்கு நீங்களே ஸ்வைப் எழுதினால், சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) டச்-ஆக்‌ஷன் என்ற அமைப்புக்கு ‘பேன்-ஒய் பிஞ்ச்-ஜூம்’ கொடுங்கள். செங்குத்து ஸ்க்ரோலையும் இரண்டு விரல் ஜூமையும் பிரவுசர் பார்த்துக்கொள்ளும், கிடை அசைவு உங்களிடம் வரும். அவசரத்தில் ‘நன்’ (none, பிரவுசர் எதையும் செய்யாதே) போட்டுவிடுகிறவர்கள் அதிகம். அந்த வரிசையின் மேல் கை வைத்து ஸ்க்ரோல் செய்தால் பக்கம் அப்படியே செத்துக் கிடக்கும், சின்ன எழுத்தைப் பெரிதாக்கவும் முடியாது. விரல் நகர்வதைச் சொல்லும் டச்மூவ் வரும்போது, பிரவுசரின் வழக்கமான செயலை நிறுத்தும் பிரிவென்ட் டீஃபால்ட் போட்டுத் தடுக்கலாம் என்பது பழைய பழக்கம். அதற்காகப் பிரவுசர் ஒவ்வொரு முறையும் உங்கள் ஸ்கிரிப்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருந்ததால் ஸ்க்ரோல் திக்கியது. 2017இல் குரோம் 56 முதல், டாக்குமென்ட் மட்டத்தில், அதாவது முழுப் பக்கத்துக்கும் வைத்த டச் லிசனர்கள் (தொடுதலைக் கவனிக்கும் கோட்) தாமாகவே பேஸிவ், அதாவது தடுக்க முடியாதவை, ஆகிவிட்டன. அங்கே தடுத்தாலும் நடக்காது.

எல்லோரும் மறப்பது பாயின்டர்கேன்சல், அதாவது ‘இந்தத் தொடுதல் இனி உங்களுடையதல்ல’ என்று பிரவுசர் அனுப்பும் செய்தி. விரல் செங்குத்தாகப் போகிறது என்று பிரவுசர் முடிவெடுத்தால் விரல் எழுந்ததைச் சொல்லும் பாயின்டர்அப் உங்களுக்கு வரவே வராது, இதுதான் வரும். இதைக் கேட்காவிட்டால் இழுத்த போட்டோ பாதி வழியில் சாய்ந்தபடி தொங்கிக்கொண்டிருக்கும், மறுபடி தொட்டால் குதிக்கும். ‘சில போனில் மட்டும் மாட்டிக்கொள்கிறது’ என்று பக் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

இழுத்துப் புதுப்பிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லாரன் பிரிக்டர் என்ற டெவலப்பர், ட்விட்டர் படிப்பதற்கான தன் ட்வீட்டி ஆப்பில் கொண்டுவந்தது அது. புதுச் செய்திகள் மேலே வந்து சேரும் பட்டியலுக்கு அருமையான யோசனை. அதையே எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக வைத்ததுதான் பிரச்சினை. நீளமான விண்ணப்பப் படிவத்தில் முக்கால்வாசி நிரப்பிவிட்டு, மேலே எழுதியதைச் சரிபார்க்க வேகமாக ஸ்க்ரோல் செய்கிறார் ஒருவர். உச்சிக்கு வந்ததும் இன்னொரு இழுப்பு. எல்லாம் போச்சு. உள்ளே தனியாக ஸ்க்ரோல் ஆகும் பெட்டி இருந்தால் இன்னும் மோசம்: பெட்டி உச்சியில் இருந்தால் மிச்ச இழுப்பு வெளிப்பக்கத்துக்குக் கைமாறும், பக்கம் ரீலோட் ஆகும். வெப்காரர்கள் ரூட்டில் (பக்கத்தின் வேர் உறுப்பில்) ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்-ஒய் என்ற சிஎஸ்எஸ் அமைப்புக்கு ‘கன்டெய்ன்’ போட்டால் குரோமில் இது நிற்கும். குரோம் 63இலிருந்தே இருக்கிறது, சஃபாரிக்கு 16இல்தான் வந்தது. பிரவுசர் செய்கிறவர்களிடம் நான் கேட்பது: பக்கத்தில் ஒரு எழுத்தாவது தட்டியிருந்தால் இந்த இழுப்பை முடக்குங்கள். வேகமாக உருண்டு வந்த ஸ்க்ரோலின் தொடர்ச்சியாக வரும் இழுப்பை எண்ணாதீர்கள். உச்சியில் நின்ற பிறகு புதிதாக விரல் வைத்தால் மட்டும் எண்ணுங்கள்.

ஸ்வைப்பில் முடிகிற எந்த வேலைக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒரு பட்டன் இருந்தே ஆக வேண்டும். டாக்பேக் (பார்வையற்றோருக்குத் திரையை வாசிக்கும் ஆண்ட்ராய்ட் வசதி) போட்டிருப்பவருக்கு ஒற்றை விரல் ஸ்வைப் என்றால் அடுத்த உருப்படிக்குப் போவது. உங்கள் ஸ்வைப் அவருக்குக் கிடைக்காது. 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற வெப் அணுகல் வழிகாட்டி, இழுத்துச் செய்வதைத் தட்டியும் செய்ய வழி கேட்கிறது. தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் என்கிறது. அது அடிமட்ட வரம்பு. ஓடும் பஸ்ஸில் 24 போதாது. ஆண்ட்ராய்டின் 48 டிபியை, ஐபோன் என்றால் 44 பாயின்டை வையுங்கள்.

டெஸ்ட் செய்வதற்கு மேசையில் கிடக்கும் புத்தம்புது விலையுயர்ந்த போன் போதாது. கீறல் விழுந்த டெம்பர்டு கிளாஸ் ஒட்டிய சாதாரண விலைப் போன் ஒன்று வேண்டும். ஈர விரலால் பாருங்கள், ஒரே தொடுதல் இரண்டாக உடைந்து வருவது தெரியும். இடது கையால் மட்டும் பாருங்கள். கடைசியாக, ஓரம் உயர்ந்த தடித்த ரப்பர் கவர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். விரல் திரையின் விளிம்பைத் தொடவே தொடாது, முதல் தொடுதலே கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் பதிவாகும். ஓரத்துக்கென்று நீங்கள் ஒதுக்கிய பட்டை மெல்லியதாக இருந்தால், கவர் போட்ட அத்தனை பேருக்கும் அந்த ஜெஸ்சர் இல்லாத மாதிரிதான்.