சாமியை மலையேற்றத் தெரிந்தவர்

"நம்ம ஊர்ல இந்த ரேவ் பார்ட்டி எல்லாம் எப்ப வந்துச்சு?"

ஏதோ ஒரு பண்ணை வீட்டில் பத்துப் பேர் பிடிபட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும், யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். பதிலுக்குக் காத்திருப்பதில்லை. கலாசாரம் கெட்டுப்போச்சு என்று அடுத்த வரியில் அவரே முடித்துவிடுகிறார். எனக்குப் பதில் தெரியும். இயந்திரத் தாள இசையைப் போட்டு விடிய விடிய ஆடுகிற அந்த மாதிரிக் கூட்டத்தைக் கிருஷ்ணகிரிப் பக்கம் நான் பார்த்த முதல் இரவு 2009 மாசியில். ஸ்பீக்கர் பெட்டி கட்டியது நான்தான். எழுதவேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

அப்பா காவேரிப்பட்டணத்தில் மைக் செட் வைத்திருந்தவர். குழாய் ஸ்பீக்கர் காலத்து ஆள். திருவிழா, காதுகுத்து, மஞ்சத்தண்ணி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவோம். நான் ஐடிஐ முடித்து வந்ததும் கடன் வாங்கிப் பதினெட்டு இன்ச் பேஸ் பெட்டி, கனத்த அடிச்சத்தம் தருகிறது, நாலு செய்தோம். ஒரு குட்டியானை வண்டியும் வாங்கினோம். அந்த வருஷம் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு எங்கள் செட்டுதான். ஆற்றங்கரைக் கூட்டத்தில் நாலு பசங்கள் சாமியைப் பார்க்காமல் எங்கள் பெட்டிக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்கள். மூன்று பேர் ஓசூரில் கம்பெனி வேலை, ஒருவன் பெங்களூரு.

"அண்ணா, இந்தப் பெட்டி சனிக்கிழமை கிடைக்குமா?"

கல்யாணமா என்று கேட்டேன்.

"இல்லண்ணா. சும்மா பாட்டு போட்டு ஆடுறதுக்கு. விடியிற வரைக்கும்."

பெங்களூரில் இல்லாத இடமா, இங்கே எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். அங்கே அப்போது ராத்திரி 11.30க்கு எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். 2005-ல் வந்த உரிம ஆணையைக் காட்டி, 2008 வாக்கில் பப்களில் ஆடுவதையே போலீஸ் நிறுத்தியிருந்தது. எழுந்து ஆடினாலே வந்து பாட்டை அணைக்கிறார்கள் என்றான் பெங்களூருப் பையன். ஆட இடமில்லாமல் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இடம், வேப்பனப்பள்ளிப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கிரானைட் குவாரி. மூன்று பக்கமும் அறுத்த பாறைச் சுவர், ஒரு மூலையில் தண்ணீர் நின்ற குழி. சாயங்காலம் நான் போய்ச் சேரும்போது அந்தப் பசங்கள் குழியைச் சுற்றித் தேங்காய் நார்க் கயிறு கட்டி, முழத்துக்கு ஒரு வெள்ளைத் துணி முடிந்துகொண்டிருந்தார்கள். இருட்டில் யாரும் தவறிப் போய்விடக் கூடாதாம். அதைப் பார்த்ததும் இவர்களை நம்பலாம் என்று தோன்றிவிட்டது. பக்கத்துக் கிராமத்துப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். ஆனால் போலீஸ் அனுமதி வாங்கவில்லை. அது தவறுதான், நான் பூசி மெழுகப் போவதில்லை.

வந்தவர்கள் மொத்தம் முப்பத்தைந்து பேர் இருக்கும். டிக்கெட் கிடையாது. டீசலுக்கும் பெட்டி வாடகைக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு ஒருத்தி வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாம்பூ வாசம் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. வளர்பிறை நிலா சீக்கிரமே இறங்கிவிட்டது.

பாட்டைப் போட்டதும் ஒரு சங்கடம். எல்லாரும் ஆடுகிற நடு இடத்தில் பேஸே இல்லை. பத்தடி ஓரமாக நகர்ந்தால் நெஞ்சில் இடிக்கிறது, நடுவுக்கு வந்தால் காணாமல் போகிறது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதைக் கேட்டதுமே காரணம் தெரிந்துவிடும். ஒரு பக்கத்துப் பெட்டியில் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. இடது பெட்டி காற்றை முன்னால் தள்ளும்போது வலது பெட்டி பின்னால் இழுக்கும். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் போகும். டார்ச்சிலிருந்து ஒரு பேட்டரி செல்லை எடுத்து ஒயர் முனையில் தொட்டேன். ப்ளஸ்ஸை ப்ளஸ்ஸில் வைத்தால் ஸ்பீக்கர் கோன் முன்னால் குதிக்கவேண்டும். வலது பக்கம் உள்ளே போனது. அந்த ஒயரைச் சால்டர் வைத்தவன் நான்தான். மாற்றிப் போட்டதும் முப்பத்தைந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மைக் செட்காரனுக்கு யாரும் கைதட்டி அதுவரை நான் பார்த்ததில்லை.

அப்புறம் எதிரொலி. பாறையில் பட்டுத் திரும்புகிற சத்தம் இரண்டு தாள அடிக்கு நடுவே விழுந்து எல்லாவற்றையும் குழப்பியது. பெங்களூருப் பையன் காலடி வைத்துச் சுவரிலிருந்து அளந்துகொண்டு வந்தான். அவன் போடுகிற பாட்டில் நிமிஷத்துக்கு 145 தாள அடி. சத்தம் ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் போகும். அப்படியென்றால் சுவரிலிருந்து எழுபது மீட்டர் தள்ளி நின்றால், போன அடியின் எதிரொலி அடுத்த அடியின் மேலேயே வந்து விழும். பெட்டியைக் கிட்டத்தட்ட இருபது மீட்டர் பின்னால் இழுத்தோம். அதற்கப்புறம் அந்த மலையே எங்களோடு சேர்ந்து அடித்தது. எத்தனையோ கல்யாண மண்டபத்தில் செட் போட்டிருக்கிறேன், அப்படி ஒரு சத்தத்தை அப்புறம் நான் கேட்கவேயில்லை.

இரண்டு மணிக்கு மேல் தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு தாத்தா வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து எழுந்தேன். பேசாமல் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்தார். பக்கத்து ஊர்ப் பம்பைக்காரர், அம்மன் கோயிலில் பம்பை மேளம் அடிக்கிறவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு மணி நேரம் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, நல்லாத்தான் ஏத்துறான். ஏத்திக்கிட்டே போறான். சாமி வந்துட்டா மலையேத்தணுமில்ல? இந்தப் புள்ளைங்கள யாரு மலையேத்துறது?"

பம்பை தெரிந்தவர்களுக்கு இது புரியும். அடியை ஏற்றி ஏற்றி அருள் வரவைப்பது பாதி வேலைதான். வந்த சாமியைக் கேட்க வேண்டியதைக் கேட்டு, அடியை மெல்ல மெல்லத் தளர்த்தி, கற்பூரம் காட்டி, திருநீறு பூசி, ஆடியவரைப் பழையபடி மனுஷனாக வீட்டுக்கு அனுப்புவது மீதிப் பாதி. அதுதான் மலையேற்றுவது. அதைச் செய்யத் தெரியாதவனிடம் பம்பையைக் கொடுக்கமாட்டார்கள். நான் போய் அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் ஒரு வினாடி யோசித்துவிட்டு, சரிண்ணா, தாத்தாவையே கேளுங்க என்றான். ஐந்து மணிக்கு மேல் தாத்தா கையைத் தாழ்த்தத் தாழ்த்த அவன் வேகத்தைக் குறைத்தான். கிழக்கு வெளுக்கும்போது எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சுக்குக் காபி கொடுத்தோம். யாரும் உடனே வண்டியை எடுக்கவில்லை. தூங்கி எழுந்து பத்து மணிக்கு மேல்தான் கிளம்பினார்கள்.

அடுத்த தடவையிலிருந்து தாத்தா பம்பையோடு வந்தார். நாலு வருஷத்தில் ஒன்பது இரவு. ஒவ்வொன்றும் பம்பையில்தான் முடிந்தது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்த இயந்திரத் தாள இசை சிகாகோ, டெட்ராய்ட் ஊர்களில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கியது, மறுப்பதற்கில்லை. அவர்களில் பலர் வாசித்தது பழைய சாமானாக வாங்கிய கருவியை. ரோலண்ட் டிபி-303 என்று ஒரு பெட்டி, பேஸ் கிட்டாருக்குப் பதிலாக ஜப்பான்காரன் செய்தது, விற்காமல் போய் அடிமாட்டு விலைக்கு வந்தது. ஆனால் சிகாகோ பசங்கள் அதைத் திருக ஆரம்பிப்பதற்கு முன்பே, 1982-ல், பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா இசைக்கலைஞர் அதே கருவியை வைத்து நம்முடைய ராகங்களை இயந்திரத் தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுபடி வெளியானபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது. 2015-ல் அவர் போய்ச் சேர்ந்தார். கோவாவுக்கு வெள்ளைக்காரர்கள் வந்து கடற்கரையில் விடிய விடிய ஆடியதும், அங்கே பிறந்த இசைக்கு உலகமெல்லாம் கோவா என்றே பேர் வந்ததும் இன்னொரு கதை. ஓசூர் பசங்களுக்கு அந்த வழியாகத்தான் இது வந்தது.

விடிய விடிய ஆடுவது நம் மாவட்டங்களுக்குப் புதுசா? திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் வைத்தால் கூத்து விடிந்துதான் முடியும். நான் சின்னப் பையனாக அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் தலைவைத்துத் தூங்கியே பாதிப் பாரதம் கேட்டவன். சட்டமும் இரண்டுக்கும் ஒன்றுதான். 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், ராத்திரி 12 மணி வரைக்கும் அரசு தளர்த்தலாம். அதனால் இன்று எத்தனையோ ஊரில் கூத்தும் பாதி ராத்திரியோடு சுருங்கிவிட்டது. 1994-ல் இங்கிலாந்தில் ரேவ் கூட்டங்களைத் தடுக்கச் சட்டம் போட்டபோது, 'திரும்பத் திரும்ப வரும் தாளம்' என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அந்த வரையறையை வைத்தால் எங்கள் பம்பையும் அதில் அடங்கும்.

சரி, போதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாகிவிடுவேன்.

முதல் சில இரவுகளில் பீடி, சிகரெட் பார்த்தேன், இரண்டொருவர் பீர் கொண்டுவந்தார்கள். அதற்குமேல் என் கண்ணில் எதுவும் படவில்லை. 2013-ல் வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் வந்து, இதை நாங்கள் பெரிதாகச் செய்கிறோம் என்று எடுத்துக்கொண்டது. டிக்கெட் வந்தது, கையில் கட்டும் பட்டை வந்தது. பெரிய செட் லாரியில் வந்து இறங்கியது, என்னுடைய பெட்டிகளை ஓரமாக வைக்கச் சொன்னார்கள். குழியைச் சுற்றிக் கயிறு கட்ட யாருக்கும் நேரமில்லை, நானும் தம்பியும்தான் கட்டினோம். தாத்தா பம்பையோடு வந்தார். ப்ரோக்ராமில் இவர் பேர் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எழுபத்தைந்து வயசு மனுஷர், ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அன்று ஐந்து மணிக்கு, உச்ச வேகத்தில் இருந்த பாட்டைப் படக்கென்று அணைத்தார்கள். வாடகை நேரம் முடிந்துவிட்டதாம். முந்நூறு பேர் இருட்டில் காதில் ரீங்காரத்தோடு நின்றார்கள். பாதிப் பேர் அப்படியே வண்டியை எடுத்தார்கள். ஒரு பையன், இருபது வயசு இருக்கும், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றைத் தாண்டித் தண்ணீரை நோக்கி நடந்துகொண்டிருந்தான். என் தம்பி ஓடிப்போய்ப் பிடித்தான். உடம்பு அனலாகக் கொதித்தது, என்ன கேட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தான். எதையோ விழுங்கியிருக்கிறான். குட்டியானையிலிருந்து பெட்டிகளை இறக்கிவிட்டு அவனை அதில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டான். அவனோடு வந்தவர்கள் ஒருத்தர்கூட எட்டிப்பார்க்கவில்லை. அதோடு நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

அந்தச் சரக்கை விற்கிறவனைப் போலீஸ் பிடிக்கட்டும், எனக்கு ஒரு துளி இரக்கம் கிடையாது. ஆனால் ராத்திரி பாட்டு கேட்டு ஆடினான் என்பதற்காகவே ஒரு பையனை நிறுத்திப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுவதை என்னால் ஏற்கமுடியாது. அந்த ஒன்பது இரவும் நன்றாக முடிந்ததற்குக் காரணம் ஆடியவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்பதால் இல்லை. கயிறு கட்ட ஆள் இருந்தது, காபி போட ஆள் இருந்தது, மலையேற்ற ஆள் இருந்தது. டிக்கெட் அடித்தவர்கள் மிச்சம் பிடித்தது அந்த ஆட்களைத்தான்.

தாத்தா 2016-ல் தவறிவிட்டார். 2012-ல் ஒரு விடியற்காலை அவர் அடித்ததை அப்போதிருந்த போனில் பதிவுசெய்தேன், பதினாலு நிமிஷம். மெமரி கார்டு இப்போதுதான் அகப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன். அந்த ஓசூர் பசங்கள் யாராவது இதைப் படித்தால் உங்களிடம் இருக்கிற போட்டோவையும் அனுப்புங்கள். முதல் இரண்டு நிமிஷம் ஜெனரேட்டர் சத்தம் தூக்கலாக இருக்கும். அப்புறம் தாத்தா கையைக் காட்டினார், அதையும் அணைத்துவிட்டோம்.