தின்னர் நெடியைப் பால் முறிக்காது

"பெயிண்ட், தின்னர் கலக்குகிறவர்கள் வேலை முடிந்ததும் ஒரு டம்ளர் பாலும் ஒரு துண்டு வெல்லமும் சாப்பிட்டால் போதும், உள்ளே போன நெடி வெளியே வந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு.

தின்னர் பலவற்றில் டொலுயீன் என்ற கரைப்பான் இருக்கிறது. அதன் ஆவி நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. பால் போவதோ இரைப்பைக்கு. ரத்தத்தில் ஏறியதில் ஒரு பகுதி மூச்சோடு வெளியேறும். பெரும்பகுதியைக் கல்லீரல் ஹிப்யூரிக் அமிலமாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பும். இதில் வெல்லத்துக்கு வேலையே இல்லை. பால் நல்ல உணவு, தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் முதலாளி பால் காசு கொடுத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்காமல் விடுவது அநியாயம்.

திறந்த டிரம்மில் மிக்ஸர் வேகமாகச் சுற்றும்போது நடுவில் சுழி விழும். ஆவியாகும் பரப்பு கூடும், கலவை சூடாகும், நெடி குப்பென்று கிளம்பும். டொலுயீன் ஆவி காற்றைவிடச் சுமார் 3 மடங்கு கனம். அதனால் டிரம்முக்குள்ளேயே தேங்கும். குனிந்து அடியைச் சுரண்டிக் கழுவுகிறவர்தான் அதை அதிகம் இழுக்கிறார். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வேலைநேரச் சராசரியாகப் பரிந்துரைக்கும் உச்சவரம்பு 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு ஆவி. 500 பிபிஎம் என்றால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து.

அப்புறம், கர்ச்சீப்பும் என்-95 மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. டிரம்முக்கு மூடி, விளிம்பிலேயே ஆவியை உறிஞ்சும் குழாய், கரைப்பான் ஆவிக்கான கார்பன் கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் தின்னர் டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.