பேஸ் ஒலி நெஞ்சில் கேட்கும்

ஜமைக்காவின் ரெகே, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை, இவற்றின் திறந்தவெளிக் கச்சேரிகள் மனச்சோர்வை விரட்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பது நூற்றுக்கு நூறு உண்மை. ரெகேயில் டிரம்ஸ் பெரும்பாலும் நான்கு தட்டில் முதல் தட்டை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் அழுத்தி விழும். அந்த இடைவெளியில் உடம்பு தானாக ஆட ஆரம்பித்துவிடும். தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டார் காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் கேட்கும். ஹெட்போனில் இது கிடைக்கவே கிடைக்காது.

1978-ல் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் ரெகே பாடகர் பாப் மார்லி, எதிரும் புதிருமாக இருந்த அரசியல் தலைவர்கள் மேன்லி, சியாகா இருவரையும் மேடைக்கு அழைத்துக் கைகோக்க வைத்தார். அங்கே அரசியல் வன்முறை அதோடு நிற்கவில்லை, சரி. ஆனாலும் அந்தக் காட்சியை அரங்கமே பார்த்ததே!

அப்புறம் கட்டணம். 1972-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த வாட்ஸ்டாக்ஸ் சோல் விழாவுக்கு டிக்கெட் ஒரே டாலர். லட்சம் பேர் திரண்டார்கள். இன்று விழா நடத்துபவர்கள் விலை வைக்கும்போது இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.